போறும், போரா

பிசைந்த மாவில் எலுமிச்சங்காய் அளவு கிள்ளி எடுத்து, இரண்டு கை விரல்களாலும் நான்கு பக்கமும் மெல்ல இழுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மாவு கிழியாமல் மெல்லிய சவ்வாக விரிந்து, பின்னால் இருக்கும் விரலின் நிழல் அதன் வழியே தெரிந்தால் பிரெட்டுக்கு மாவு தயார். விரிவதற்கு முன்பே கிழிந்தால் இன்னும் பிசைய வேண்டும். கரமனையில் மாமியின் வீட்டுச் சமையலறை ஜன்னல் கிழக்குப் பார்த்தது. மழையில்லாத நாட்களில் பத்து மணி வரைக்கும் வெயில் அதன் வழியே நேராக மேடைமேல் விழும். இன்று காலையும் அந்த வெயிலில் ஒரு துண்டு மாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன் என்று சொன்னால் அது பொய். தெரிந்துதான் நின்றேன்.

மாமி எனக்கு உறவில்லை. அக்கிரகாரத்தில் இருந்த அவருடைய வீட்டு மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம், இன்றும் இருக்கிறோம். என்னைவிட எட்டு வயதுதான் மூத்தவர். ஆனால் தெரு முழுக்க மாமி என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். கணவர் போன பிறகு தனியாக இருந்தார், குழந்தைகள் இல்லை, கோயம்புத்தூரில் ஒரே ஒரு தம்பி. ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து, போதும் என்று ஒரு நாள் தானாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். எதையும் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது. தோசைக்கல்லைத் தேய்க்க உட்கார்ந்தால் கை வலிக்கும்வரை தேய்ப்பேன். சண்டை முடிந்து என் கணவர் ஆரியசாலையில் இருக்கும் சாக்குக் கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் போன் போட்டு மிச்சத்தைப் பேசுவேன்.

பிரெட் போடும் யோசனை மாமியுடையது. கடை பிரெட்டில் முட்டை சேர்க்கிறார்களோ என்று அவருக்குத் தீராத சந்தேகம். சந்தேகப்பட்டே முப்பது வருஷம் சாப்பிட்டுவிட்டு, ஓய்வு பெற்றதும் ஒரு மின்சார ஓவன் வாங்கி வந்தார். இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. போனில் வீடியோ பார்ப்பதும், பார்த்ததைப் பாதி மறந்து செய்வதுமாக ஆரம்பித்தோம். கையால் பிசைந்து பார்த்து இரண்டு பேரும் தோள்பட்டைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்த பிறகு, இட்லி மாவு அரைக்கும் கிரைண்டரில் குழவியைக் கழற்றிவிட்டு, சப்பாத்தி மாவு பிசைவதற்கென்று அதோடு கொடுத்திருந்த கம்பியை மாட்டினோம். அது மாவை நன்றாகவே பிசைந்தது. ஆனால் மனிதர்கள் மாதிரி அதற்குக் கை வலிக்காது. நாம் நிறுத்தினால்தான் நிற்கும்.

கிரைண்டரில் பிசைந்த முதல் நாளே ஒரு தப்பு நடந்தது. அதைச் சொல்வதற்கு எங்கள் இரண்டு பேருடைய தமிழையும் சொல்ல வேண்டும். நான் பிறந்தது சாலைக் கடைத்தெருவில். எங்கள் வீட்டுத் தமிழில் பாதி மலையாளம். நாங்கள் சுத்தத் தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டிருப்போம். திருநெல்வேலியிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் போதும் என்பதற்கு மதி என்போம், போதாது என்பதற்குப் போரா என்போம், இரண்டுமே மலையாளம். மாமி வீட்டில் பேசியது அக்கிரகாரத்துப் பழைய தமிழ். அங்கே போதும் என்பதற்குப் போறும் என்று பெயர்.

அன்று கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது மாமி வந்து மாவைத் தொட்டுப் பார்த்தார், ஒரு வார்த்தை சொன்னார், பிரெட் சுடும் டின்களைக் கழுவக் கொல்லைப்புறம் போய்விட்டார். நான் பக்கத்தில் நின்று இன்னும் கால் மணி நேரம் ஓட்டினேன். திரும்பி வந்தவர் ஓடுகிற கிரைண்டரைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தார்.

"போறும்னு சொல்லிட்டுத்தானேடீ போனேன்? இன்னும் ஏன் ஓடறது?"

"போரான்னு அல்லே மாமி சொன்னீங்க? எனிக்கு அங்கனதான் கேட்டுது. அதான் பின்னெயும் ஓட்டினேன்."

"போரா இல்லை. போறும்! போறும்!"

சொல்லிவிட்டுக் கழுவிய டின்னை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். இரண்டு வார்த்தைக்கும் வால்தான் வித்தியாசம். அந்த வாலைக் கிரைண்டர் சத்தம் தின்றுவிட்டது. மாவு சூடேறி, பளபளவென்று ஆகி, பிடிமானமே இல்லாமல் பாத்திரத்தில் வழிந்துகொண்டிருந்தது. இழுத்தால் விரியவில்லை, நூல் நூலாக அறுந்தது. மேலே மாவு தூவிப் பார்த்தோம், குளிர வைத்துப் பார்த்தோம். அப்படியே ஓவனில் வைத்து எடுத்ததைக் கத்தி ஏற்றுக்கொள்ளவில்லை. சாயங்காலம் கரமனை ஆற்றுப் படித்துறையில் மீன்களுக்குப் போட்டோம். அதுவும் உடனே கரையாமல் மிதந்துகொண்டே போனது.

பிசைந்தது போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் பிசைந்துகொள்ளலாம். கூடிப் போனால் திரும்பி வர வழியே இல்லை. அன்று இரண்டு பேரும் தெரிந்துகொண்டது அவ்வளவுதான். படித்துறையிலிருந்து திரும்பி வரும்போது மாமி ஒரு சட்டம் போட்டார்.

"இனிமே அடுக்களைல ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தை. மதி. நான் மதின்னா நீ ஸ்விட்சை அணைக்கணும். வேற எது சொன்னாலும் காதுல வாங்காதே."

நாலு வருஷம் அந்தச் சட்டம் நடந்தது. வாரத்தில் மூன்று நாள் போடுவோம். தெருவில் பத்துப் பன்னிரண்டு வீடுகள், பாலத்துப் பக்கம் ஒரு டீக்கடை, எல்லோருக்கும் எங்கள் பிரெட் பழகிவிட்டது. மாமி மாவை ஜன்னலில் விரித்துப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு விரலால் அழுத்துவார், பிறகு தன் காது மடலை அதே இரண்டு விரலால் பிடித்துப் பார்ப்பார். மாவு காது மடலின் பதத்தில் இருக்க வேண்டுமாம். காதில் தோடு இருக்கும் இடத்தில் எப்போதும் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும். வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட மாதங்களில் காற்றில் இருக்கும் ஈரத்தையே மாவு குடித்துவிடும், தண்ணீரைக் குறைக்க வேண்டும், பதம் சீக்கிரம் வந்துவிடும். அதையும் அவர் விரல்கள்தான் கண்டுபிடித்தன. நான் எப்போதும் இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே என்பேன். "உன்னை விட்டா நாளன்னிக்கு வரைக்கும் ஓட்டுவே" என்பார். பிறகு மதி என்பார், நான் அணைப்பேன். வாழ்க்கையில் நான் தகராறு செய்யாமல் கேட்ட ஒரே வார்த்தை அதுதான் என்று என் கணவர் கேலி செய்வார்.

பிறகு மாமியின் மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை, அதன் பிறகு மாதக் கணக்கில் ஊசி மருந்து. எல்லாம் முடிந்து, தலையில் துண்டு கட்டிக்கொண்டு மறுபடி சமையலறைக்கு வந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தில் நான் எதையும் கவனிக்கவில்லை. பிரெட் மட்டும் அடுத்தடுத்துச் சொதப்பியது. ஒரு நாள் கல், ஒரு நாள் தூள். நான் மாவைக் குறை சொன்னேன், கடைக்காரரைத் திட்டினேன், கடைசியில் மாமியையே கேட்டுவிட்டேன். "மாமி, இது எந்தாணு? தொட்டுப் பார்த்துத்தானே மதி சொல்றீங்க?" என்று குரலை உயர்த்தித்தான் கேட்டேன். அவர் கையை நீட்டி விரல் நுனிகளைக் காட்டினார்.

"மரத்துப் போச்சுடீ. மருந்தோட வேலை. ஒரு மாசமா ஒண்ணும் தெரியல. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு இருந்தேன்."

ஒரு மாதமாக அந்த மனுஷி எதையும் உணராத விரலால் மாவை அழுத்திவிட்டு, உணராத விரலால் காது மடலையும் பிடித்துப் பார்த்து, குத்துமதிப்பாக மதி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அன்று நான் திட்டியதற்கு எனக்கு இன்னும் மன்னிப்புக் கிடைக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. மறுநாளிலிருந்து மாவைக் கிள்ளி அவர் கன்னத்தில் வைப்பேன். கன்னத்துக்கு உணர்ச்சி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். பிறகு நான் ஜன்னலில் விரித்துக் காட்டுவேன். "நிழல் தெரியறதா? எத்தனை விரல் தெரியறது?" என்பார். நான் எண்ணிச் சொல்வேன். பிரெட் மறுபடி சரியாக வந்தது, ஏழு மாதம்.

ஏழு மாதம் கழித்து நோய் எலும்புக்குப் போய்விட்டது தெரிந்தது. இந்த முறை மருந்து ஏறும்போதே அவரைப் புரட்டிப் போட்டது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணையாக இருப்பவரைப் பைஸ்டாண்டர் என்பார்கள். அந்தப் பாஸை என் கழுத்தில் பார்த்து, "பக்கத்துல சும்மா நிக்கறவள்னு அர்த்தம். நீ எங்கே சும்மா நிக்கறே" என்று மாமி ஒரு நாள் சிரித்தார். தம்பி வருவார், இரண்டு நாள் இருப்பார், வேலைக்குத் திரும்பிவிடுவார். மற்ற நாட்களில் நான்தான். வாயெல்லாம் புண்ணாகி, பேச்சு குறைந்துபோயிற்று. முப்பது வருஷம் ஆபீசில் நல்ல மலையாளம் பேசியவர், வலி வந்த பிறகு நர்ஸிடம்கூட வீட்டுப் பேச்சில்தான் பேசினார். நான் பக்கத்தில் நின்று மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என்னை அருகே கூப்பிட்டு மெல்லச் சொன்னார்.

"ஆத்துக்குப் போகலாம். ஜன்னல் பக்கத்துல ஒரு நாற்காலி போடு. நீ பிசை, நான் பார்த்துண்டு உட்காந்திருக்கேன்."

நான் சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்படிப் போனால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மூன்று நாள் கழித்து, காலை ரவுண்ட்ஸில் டாக்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். சின்ன வயசுப் பெண், பொறுமையானவர். இரண்டு வழி இருக்கிறது என்று விளக்கினார். இன்னொரு தவணை மருந்து கொடுத்துப் பார்க்கலாம், கேட்டால் சில மாதங்கள் கிடைக்கலாம், கேட்காமலும் போகலாம், எப்படியும் கஷ்டப்படுத்தும். இல்லையென்றால் நிறுத்திக்கொண்டு, வலிக்கு மட்டும் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். தம்பியிடம் போனில் பேசியாயிற்று, அக்கா இஷ்டம் எதுவோ அது என்று சொல்லிவிட்டாராம். பிறகு மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டார்.

"அம்மே, மதியாக்கணோ? அதோ ஒரு தவண கூடி நோக்கணோ?"

நிறுத்தலாமா, இன்னொரு முறை பார்க்கலாமா. மாமி உதடுகளை அசைத்தார். முதலில் சத்தம் வரவில்லை. இரண்டாம் முறை வந்தது. போறும் என்றார். வார்த்தையின் வால் தொண்டையோடு நின்றுவிட்டது. டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"போரா என்னாணோ பறஞ்ஞது?"

போதாது என்றா சொன்னார் என்று கேட்கிறார். அந்த வார்டில் அந்த இரண்டு வார்த்தைகளுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. இல்லை டாக்டர், மதி என்று சொன்னார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அவர் வேண்டும், அவ்வளவுதான் அப்போது என் தலைக்குள் இருந்தது. ஒரு மாதமாவது, மறுபடி ஏழு மாதமாவது. இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே.

"அதெ" என்றேன். ஆமாம் என்றேன்.

டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதினார். மாமி தலையணையில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மதி என்று அவரே சொல்லியிருக்கலாம். எங்களுக்குள் அதற்கென்றே வைத்திருந்த வார்த்தை அது, டாக்டருக்கும் புரிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லையா, என் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டாரா, எனக்குத் தெரியாது. இதை எழுதும் இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தத் தவணை மருந்து அவருக்கு ஒரு நல்ல நாளைக்கூடக் கொடுக்கவில்லை. கொஞ்சம் முளைத்திருந்த முடி மறுபடி உதிர்ந்தது. நகங்கள் கறுத்தன. தண்ணீரை ஸ்பூனால் கொடுத்தால் பாதி வெளியே வந்தது. பாலில் ஊறவைத்த பிரெட்டை ஒரு நாள் கொண்டுபோனேன், நாக்கில் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் கண்ணில் நீர் வர என்னையே பார்த்தார். ஒரு மத்தியானம், வார்டில் எல்லோரும் அயர்ந்திருந்த நேரம், என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த விரல்களுக்கு என் கை தெரிந்திருக்காது.

"மொத நாள் பண்ணினியே," என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அதே மாதிரி பண்ணிட்டேடீ."

தெளிவாகத்தான் கேட்டது. கிரைண்டர் எதுவும் ஓடவில்லை. நான் காலில் விழுந்திருக்க வேண்டும். அப்போதாவது டாக்டரைத் தேடி ஓடியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "என்ன மாமி, தண்ணி வேணுமா?" என்றேன்.

அவர் என் மணிக்கட்டை விட்டார். பிறகு, "ஆமா. தண்ணி" என்றார். இரண்டு ஸ்பூன் குடித்தார். தாகத்துக்குக் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். ஜன்னல் பக்கத்தில் நான் போட்டு வைத்திருந்த நாற்காலியில் அவர் உட்காரவேயில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது தம்பி என்னைக் கைகூப்பிக் கும்பிட்டார். எங்கள் குடும்பத்தில் யாரும் செய்யாததை நீங்கள் செய்தீர்கள் என்றார். சமையலறைச் சாவியை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். அக்கா ஆரம்பித்ததை நிறுத்த வேண்டாம் என்றார். "கடைசி வரைக்கும் அக்கா போராடினா, இல்லையா?" என்றார். அந்தச் சொல்லின் முதல் இரண்டு எழுத்தைத் தாண்டி என் காதில் எதுவும் ஏறவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அது மூன்றாவது பொய். இனிமேல் எண்ணிப் பிரயோஜனமில்லை.

இப்போதும் வாரத்தில் மூன்று நாள் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வருகிறேன். நாற்காலியை எடுக்கவில்லை, அதன் மேல் டின்களைக் கவிழ்த்து வைக்கவும் மனம் வரவில்லை. பிரெட் சரியாக வருவதில்லை. வெட்டினால் உதிர்கிறது, டோஸ்ட் போட்டால் நடுவில் உடைகிறது. தெருவில் இருப்பவர்கள் மாமியை நினைத்து ஒன்றும் சொல்வதில்லை. போன வாரம் டீக்கடைக்காரர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சேச்சி, தப்பா ஒண்ணும் தோணருது. இப்போ பிரெட் போரா, கேட்டோ. பொடிஞ்சு போகுது. பண்டு இருந்த மாதிரி இல்ல."

எங்கள் ஊரில் தரம் குறைந்த எதையும் போரா என்றுதான் சொல்வார்கள். அவர் வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. நான் காலி ட்ரேயை எடுத்துக்கொண்டு பாலத்துக் கைப்பிடியைப் பிடித்தபடி நடந்து வந்தேன்.

பிரெட்டில் என்ன குறை என்று எனக்குத் தெரியும். மாவு பிசைந்தது பற்றவில்லை. முன்பெல்லாம் நிறுத்தத் தெரியாதவளுக்கு இப்போது ஓட விடுவதற்குப் பயம். கம்பி சுற்றச் சுற்ற என் கை ஸ்விட்சுக்குப் போகிறது. கால் மணி நேரம் ஓட வேண்டியதை ஐந்து நிமிஷத்தில் நிறுத்திவிடுகிறேன். நாளைக்குச் சரியாகச் செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். இன்று காலையும் அப்படி நினைத்துக்கொண்டுதான் இறங்கி வந்தேன்.

வெயில் மேடைமேல் விழுந்திருந்தது. கிரைண்டரை ஓடவிட்டபடியே ஒரு துண்டைக் கிள்ளி ஜன்னலுக்கு நேராக இழுத்தேன். விரல் நிழல் தெரிவதற்கு முன்பே நடுவில் கிழிந்தது. இன்னும் பத்து நிமிஷமாவது ஓட வேண்டும், என் விரல்களுக்கு அது நன்றாகத் தெரிந்தது, என் விரல்களுக்கு உணர்ச்சி இருக்கிறது. கிழிந்த மாவைப் பிடித்துக்கொண்டு நாற்காலியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

"மதி மாமி, மதி" என்று சொல்லிவிட்டு ஸ்விட்சை அணைத்தேன்.